கிங்ஸ்பரியில் மூன்று பனை

அடுத்தவர் தாளில் கை வைக்கக் கூடாது. இசபெல்லின் வகுப்பில் முதல் சட்டம் அதுதான், கடைசிச் சட்டமும் அதுதான். யாராவது ஒருத்தி வானத்தைச் சொதப்பிவிட்டு விழித்துக்கொண்டிருந்தால், இசபெல் கக்கத்தில் வைத்திருக்கும் துண்டுத்தாளை எடுத்து அதில் ஒரு வானம் போட்டுக் காட்டுவாள். பழகுகிறவளின் தாளை விரல் நுனியாலும் தொடமாட்டாள். வெள்ளைக்காரிக்கு இருந்த அந்த மரியாதை நம்முடைய பியற்றிஸுக்கு இல்லாமல் போயிற்றே, அதுதான் கதை.

வசந்தமலரும் பியற்றிஸும் ஓவியம் பழகப் போனவர்கள் அல்லர். 1986இல் கேக் ஐசிங் பழகத்தான் லண்டன் கிங்ஸ்பரியில் இருந்த அந்தப் பழைய பள்ளிக்கட்டடத்துக்குப் போனார்கள். இரண்டு பேரும் பார்க் றோயலில் சாண்ட்விச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஒரே பெல்ட்டில் எதிரும் புதிருமாக நிற்கிறவர்கள். ஒருத்தி வெண்ணெய் பூச, மற்றவள் வெள்ளரிக்காய் அடுக்குவாள். கலியாண வீட்டுக் கேக் செய்து பிழைக்கலாம் என்று பியற்றிஸுக்கு யோசனை. போனால் ஐசிங் வகுப்பு நிரம்பிவிட்டது. இசபெல்லின் பாஸ்டல் ஓவிய வகுப்பில்தான் இரண்டு இடம் இருந்தது. வந்ததற்குச் சும்மா திரும்பக் கூடாது என்று பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தான்.

பாஸ்டல் என்பது நிறத்தூளை இறுக்கிச் செய்த குச்சி. தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம், விரலே போதும். சொரசொரப்பான தாளில் தேய்த்தால் தூள் தங்கும், பலமாக ஊதினால் பறக்கும், சேலைத் தலைப்புப் பட்டால் போயே போய்விடும். தூள் ஒட்டிக்கொள்வதற்கு மேலே ஒரு திரவம் விசிறுவார்கள். அது வாங்க மனம் வராதவர்கள் தலைக்கு அடிக்கிற ஹேர்ஸ்ப்ரேயையே அடித்துவிடுவார்கள். வசந்தமலர் எதையும் விசிறமாட்டாள். ஒருமுறை விசிறிப் பார்த்து, பளிச்சென்றிருந்த வெளிச்சம் ஈரச் சாம்பல் மாதிரி இருண்டுபோனதைக் கண்டு அழுதே விட்டாள். அன்றிலிருந்து அவளுடைய படங்கள் எண்ணெய்த்தாளுக்கு நடுவே, அலுமாரியில், கூறைச் சேலைக்கு அடியில் தட்டையாகப் படுத்திருந்தன. அந்தக் கதவைத் திறக்கும்போது அவள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள்.

மரம் என்றால் பியற்றிஸ். நாலு கோடு இழுத்தால் போதும், மரம் வேரோடு வந்து நிற்கும். வசந்தமலருக்கு மரம் வரவே வராது. அவள் போட்ட மரத்தைப் பார்த்து, "எடியே, இதென்ன புரோக்கோலியோ?" என்று பியற்றிஸ் கேட்டதிலிருந்து மரத்தையே கைவிட்டாள். அவளுக்கு வந்தது தண்ணீரும் வானமும். அதைச் சும்மா சொல்லக் கூடாது, அந்த வகுப்பில் யாருக்கும் அப்படி வரவில்லை.

ஞாயிறு காலைகளில் இரண்டு பேரும் வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கத்துக்குப் போவார்கள். கரையோரம் உட்கார ஒரு நீள மர வாங்கு இருந்தது. ஒரு நுனியில் ஒருத்தி, மறு நுனியில் மற்றவள், நடுவே தேத்தண்ணிப் போத்தல். தேத்தண்ணி முடியும்வரை ஒருத்தி படத்தை மற்றவள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. முன்னால் பரந்த தண்ணீர், ஓரத்தில் நாணல், தூரத்தில் படகுக் கிளப்பின் பாய்மரங்கள், பின்னால் நோர்த் சேர்குலர் றோட்டின் இரைச்சல். அழகான இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வசந்தமலருக்கு அது போதுமாயிருந்தது.

ஏன் போதுமாயிருந்தது என்பதை அவள் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னாள்.

அவளுடைய வீடு அப்போது ஒரு காத்திருக்கிற அறை. பிள்ளை குட்டி இல்லை. கணவன் யோகலிங்கம் ரெயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவன், நல்ல மனிதன், குரல் உயர்த்தத் தெரியாதவன். ஆனால் வந்து ஐந்து வருடமாகியும் சுவரில் ஒரு ஆணி அடிக்கவிடமாட்டான். திரைச்சீலை வாங்குவோமா என்று கேட்டால், "ஊருக்குப் போகத்தானே போறம், இருக்கிறது காணும்" என்பான். கொண்டுவந்த சூட்கேஸில் ஒன்று இன்னும் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதே பேச்சு. சண்டை முடியட்டும், போய்விடுவோம். வசந்தமலரும் தலையாட்டுவாள், தலையாட்டிக்கொண்டே தேத்தண்ணி ஊற்றுவாள்.

1989 மார்ச்சில் ஒரு ஞாயிறு. மழை விட்ட காலை, தண்ணீருக்கு மேல் முகில் கிழிந்து ஒரு வெளிச்சம் கோடாக விழுந்தது. வசந்தமலர் குச்சியை எடுத்தவள் வரையாமல் அப்படியே இருந்தாள்.

"என்னடி, ஏன் சும்மா இருக்கிறாய்?" என்றாள் பியற்றிஸ்.

"எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையடி."

"வீட்டுக்கோ?"

"ஊருக்கு. நாளைக்கே சண்டை முடிஞ்சாலும் எனக்கு விருப்பமில்லை. அங்க முதல்ல அப்பான்ர வீடு, பிறகு மாமியின்ர வீடு. அரை மணித்தியாலம் சும்மா இருந்தால் என்ன, சுகமில்லையோ எண்டு கேட்பினம். என்ர எண்டு அங்க ஒரு மூலைகூட இருக்கேல்லை. இந்த ஊத்தைத் தண்ணிதான் பியற்றிஸ், என்ர வாழ்க்கையில எனக்கெண்டு வந்த முதல் இடம்."

சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடிய பேச்சா அது? ஊரில் குண்டு விழுகிறது, சொந்தங்கள் சாகிறார்கள், இவளுக்கு ஊர் வேண்டாமாம்! பியற்றிஸ் எழும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய தூள் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற ஆருக்கும் சொல்லிப்போடாதை. தின்றுபோடுவாங்கள். என்னோட இருக்கட்டும்."

அன்று வசந்தமலர் வரைந்த படம் அவளே எதிர்பாராதது. கபில நிறத் தாளில் ஓரத்தில் கொஞ்சம் நாணல், இருண்ட தண்ணீர், அதன் மேல் அந்த ஒரு கோடு வெளிச்சம். வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும் கொஞ்சம் ரோஸும் ஒன்றன்மேல் ஒன்றாக, தேய்க்காமல், குச்சி பட்ட இடம் பட்டபடி. மனதில் இருந்ததை அப்படியே எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து தாளைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் பென்சிலால் அழுத்தி எழுதினாள்: இது கிங்ஸ்பரி. எனக்கு இங்கே போதும். 12.3.89.

அந்தப் படத்துக்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. ஒரு வீடு வாங்குவோம் என்று யோகலிங்கத்தை அரித்தெடுக்கத் தொடங்கினாள். உள்ளதைச் சொல்லவில்லை. வாடகை வீண், குளிர் வீடு, பூஞ்சணம் என்று ஆயிரம் காரணம் சொன்னாள். ஒரு வருடம் அரித்ததில் அவன் இறங்கி வந்தான். வெல்ஷ் ஹார்ப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு, மேல்மாடிப் பின் ஜன்னலில் தண்ணீர் தெரியும். 1990 சித்திரை வருடப்பிறப்பு ஒரு சனிக்கிழமை. அதற்கடுத்த வாரம் கையெழுத்து வைப்பதென்று முடிவாயிற்று. அந்த ஜன்னலுக்கு நேரே எந்த மேசையைப் போடுவது என்றுகூட வசந்தமலர் அளந்துவிட்டாள்.

வருடப்பிறப்புக்குத் தமிழ்ச் சங்கம் கலைவிழா வைத்தது. இந்திய ஆமி ஊரைவிட்டுப் போய் மூன்று வாரம்தான். இனிச் சமாதானம் வந்துவிடும் என்று சனமெல்லாம் ஒரு பரபரப்பில் இருந்த நேரம். அகதிகளுக்கு உதவி சேர்க்கிற விழா, அதிலே ஒரு ஓவியக் கண்காட்சி. அந்தப் பொறுப்பு பியற்றிஸிடம். சங்கச் செயலாளர் சபாரத்தினம் மாஸ்டர் அவளை நம்பிக் கொடுத்திருந்தார்.

"அந்த வெளிச்சப் படத்தைத் தாவனடி" என்று பியற்றிஸ் வந்து நின்றாள்.

"அது வேண்டாம். வேற எதையும் எடு."

"வேறயெல்லாம் ஆர் பாக்கிறது? அதுதானடி படம். ஒரு நாளைக்குத்தானே, கண்ணாடி போட்டுப் பத்திரமாத் தாறன்."

நல்லதென்று ஒருத்தி வாயால் கேட்க யாருக்குத்தான் ஆசை இல்லை? வசந்தமலர் கொடுத்துவிட்டாள். எதுவும் விசிறக் கூடாது, பெயர் 'கிங்ஸ்பரி, காலை' என்றுதான் போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். "ஓமடி, ஓம். எனக்குத் தெரியாதே?" என்றாள் பியற்றிஸ்.

விழா மண்டபத்துக்குள் யோகலிங்கத்தோடு நுழைந்தபோது ஓவியங்கள் இருந்த பக்கத்தில் ஒரே கூட்டம். பட்டுச்சேலைகளையும் கோட்டுகளையும் விலக்கிக்கொண்டு வசந்தமலர் முன்னால் போனாள். ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது பண்ணைக் கடல். விடியக்காலம் பஸ்ஸில போகேக்க இப்பிடித்தான் இருக்கும்."

"என்ன கதைக்கிறியள்? இது தொண்டைமானாறு. அந்த வளைவைப் பாருங்கோ."

"நாவற்குழியப்பா! எங்கட வீட்டுக்குப் பின்னால நான் பார்க்காத தண்ணியே?"

அவரவர் தங்கள் ஊரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய படத்தை. நாணல் நின்ற இடத்தில் மூன்று பனை நின்றது. கறுத்து, நெடுத்து, ஓலை விரித்து, ஒன்று கொஞ்சம் சரிந்து, உயிருள்ள பனைகள். அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா? கீழே ஒரு அட்டையில் தடித்த எழுத்தில்: 'திரும்பி வருவேன்'. ஓவியம்: திருமதி வசந்தமலர் யோகலிங்கம்.

அவள் இன்னும் கிட்டப் போனாள். வெளிச்சத்தைத் தேடினாள். கோடு இருந்தது, ஆனால் மங்கி, ஈரச் சாம்பலாக. விசிறியிருக்கிறாள், பாவி. முதலில் விசிறி இறுக்கிவிட்டு, அதன்மேல் பனையை நட்டிருக்கிறாள்.

வாய் திறப்பதற்குள் மைக்கில் பியற்றிஸின் குரல் கேட்டது. "என்ர சிநேகிதி வசந்தமலர், ஒவ்வொரு ஞாயிறும் தண்ணிக்கரையில இருந்து ஊரை நினைச்சு ஏங்கி வரைஞ்ச படம் இது. அந்த ஏக்கத்துக்கு நான் சாட்சி." மண்டபம் கைதட்டியது. யாரோ ஒரு பெண் வசந்தமலரைக் கட்டிப்பிடித்து அழுதாள். யாரென்றே தெரியாது. அந்தத் தோளுக்கு மேலாக வசந்தமலர் கண்டது யோகலிங்கத்தை. அவன் படத்துக்கு முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். தாய் செத்த செய்தி வந்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

மேடைக்குப் பின்னால் வடைத்தட்டுகள் அடுக்கியிருந்த சமையலறையில் பியற்றிஸைப் பிடித்தாள்.

"என்ர தாளில நீ எப்பிடியடி கை வைப்பாய்?"

பியற்றிஸ் முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "சபாரத்தினம் மாஸ்டர் படத்தைக் கழட்டச் சொல்லிப்போட்டார். இதில எங்கட ஊர் எங்க இருக்கு, ஆரோ வெள்ளைக்காரன்ர குளமெல்லோ எண்டார். நான் என்ன செய்ய? உன்ர படம் மூலையில கிடக்கிறதைப் பாக்க எனக்கு மனம் வரேல்லை. மூண்டு பனைதானே வச்சனான்."

"கிடந்திருக்கட்டுமே!"

"சனம் அழுததைப் பாத்தனியே? உன்ர வெறுந்தண்ணிக்கு ஆரும் அழுவினமோ? வெளியில உண்டியலைப் போய்ப் பார், அகதிச் சனத்துக்கு எவ்வளவு சேர்ந்திருக்கு எண்டு. பிழையெண்டால் நான் மன்னிப்புக் கேக்கிறன். ஆனால் நீ சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாதா அறிய."

"சொல்லியிருந்தாலும் பரவாயில்லையடி. நீ அதைத் தலைகீழாச் சொல்லிப்போட்டாய். அதையும் என்ர பேரைப் போட்டு."

பியற்றிஸ் ஒரு வடைத்தட்டைத் தூக்கினாள், மறுபடி வைத்தாள். அதற்குள் மண்டபத்தில் யோகலிங்கத்தின் குரல் கேட்டது. மேடை ஏறத் தெரியாத மனிதன் மைக்கைப் பிடித்து நின்றான். "எனக்குப் பேசத் தெரியாது. என்ர மனுசிக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பமெண்டு நான் இவ்வளவு நாளும் நினைச்சன். அவவுக்காக இஞ்ச ஒரு வீடும் வாங்கப் பாத்தன். இண்டைக்குத்தான் அவவின்ர மனம் விளங்கினது. வீடு வேண்டாம். நாங்கள் வாற வருசம் ஊருக்குப் போறம்." கூரை பறக்கிற மாதிரிக் கைதட்டல். சமையலறையில் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. வசந்தமலர் வாங்குக்குப் போகவில்லை. விழாவிலிருந்து கொண்டுவந்த படத்தைக் குசினி மேசையில் கவிழ்த்து, சட்டத்தின் பின்பலகையை வெண்ணெய்க் கத்தியால் நெம்பிக் கழற்றினாள். பின்பக்கத்தைப் பார்க்காமலே தாளைத் திருப்பி எடுத்ததும் ஹேர்ஸ்ப்ரே மணம் வந்தது. பியற்றிஸின் தலைமணம். எத்தனை வருடம் பெல்ட்டுக்கு எதிரே நின்று மோந்த மணம் அது. பழைய துணியை எடுத்துச் சரிந்து நின்ற பனையில் வைத்து அழுத்தி வழித்தாள். பனைக்கு மேலே விசிறவில்லை, நேரம் இருந்திருக்காது. கரித்தூள் துணியோடு வந்தது. இரண்டாவதை விரலால் வழித்தாள். மூன்றாவதையும்.

"ஐயோ, என்ன செய்யிறீர்?" யோகலிங்கம் வாசலில் நின்றான். "என்ன செய்யிறீர் வசந்தா? ஊரை அழிக்கிறீரே!"

"இது ஊர் இல்லை. இது வெல்ஷ் ஹார்ப். பனை நான் போட்டதில்லை, பியற்றிஸ் போட்டது." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை. ஒருநாளும் விருப்பமில்லை. எனக்கு அந்த வீடுதான் வேணும்."

அவன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

"நேற்று அவ்வளவு சனத்தின்ர கண்ணும் பட்டுப்போச்சு. நீர் களைச்சுப்போனீர்."

"பியற்றிஸைக் கேளுங்கோ. அவளுக்குத் தெரியும். அவளுக்குச் சொன்னனான்."

யோகலிங்கம் ரெலிபோனைச் சுழற்றினான். குசினி சின்னது, எதிர்ப்பக்கக் குரலும் கேட்டது. "தங்கச்சி, குறை நினையாதையும். வசந்தா எப்பவாவது உம்மட்ட ஊருக்குப் போக விருப்பமில்லை எண்டு சொன்னவவோ?"

வசந்தமலர் தன் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொல்லடி. பனையை விடு, விசிறினதை விடு, எல்லாத்தையும் மறந்துபோடுறன், இதை மட்டும் சொல்லடி என்று நெஞ்சுக்குள் கெஞ்சினாள்.

"சீ, என்னண்ணை கதை?" என்றது பியற்றிஸின் குரல். "ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. அவளுக்குக் கொஞ்சம் மனம் சரியில்லைப் போல. நல்லாப் படுத்தெழும்பச் சொல்லுங்கோ."

நேற்று ஐந்நூறு பேருக்கு முன்னால் நான் சாட்சி என்றவள்தான்! சாட்சி சொல்ல வேண்டிய இடம் வந்தபோது சொன்னதைப் பார்த்தீர்களா? முழு மண்டபத்துக்கும் முன்னால் தான் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, ஒரு வாங்கில் நாலு வருடம் கூட இருந்தவளைப் பைத்தியக்காரியாக்கினாள்.

யோகலிங்கம் ரெலிபோனை வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தான். வசந்தமலர் அதை வாங்கவில்லை. படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பென்சில் எழுத்தை ரப்பரால் சுத்தமாக அழித்திருந்தாள் சிநேகிதி. ஆக, வாசித்துவிட்டுத்தான் செய்திருக்கிறாள். பனையை நடுவதற்கு முன் எழுத்தை வாசித்து, அழித்து, அதற்குப் பிறகுதான் குச்சியைத் தொட்டிருக்கிறாள்.

ஆனால் வசந்தமலர் எழுதும்போது அழுத்தி எழுதுகிறவள். தாளைச் சரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பனையை வழித்த கறுப்பு விரல்களிலும் துணியிலும் நிறைய இருந்தது. அந்தத் தூளைப் பின்பக்கம் முழுவதும் மெதுவாகத் தடவினாள். தாள் கறுத்தது, பென்சில் பதிந்த பள்ளம் மட்டும் கறுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. இது கிங்ஸ்பரி. எனக்கு இங்கே போதும். 12.3.89.

யோகலிங்கத்தின் கையில் கொடுத்தாள். அவன் நின்றபடியே வாசித்தான். கதிரையை இழுத்து உட்கார்ந்து மறுபடி வாசித்தான். திகதியின்மேல் பெருவிரலை வைத்தான், விரலில் கறுப்பு ஒட்டியது. இனி நம்புவான் என்று அவளுக்குத் தெரிந்தது. வீடு கிடைக்கும், ஜன்னல் கிடைக்கும், மேசைக்கு இடம் கிடைக்கும். அவன் நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவள் அந்த முகத்தைக் கண்டாள். நேற்று மண்டபத்தில் அந்தப் படத்தைப் பார்த்து நின்றபோது தன் முகம் எப்படி இருந்திருக்குமோ, அதே முகம்.

"ஒரு வருசத்துக்கு மேல" என்றான். குரல் உயரவில்லை. "அவவுக்குச் சொன்னனீர். எனக்குச் சொல்லேல்லை."